பதிமூன்றரை டிகிரி

காமயகவுண்டன்பட்டி
6 மே 2025

அன்புத் தங்கை மாரீஸ்வரிக்கு,

அண்ணன் மலைச்சாமி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பையனுக்கு இருமல் விட்டதா? எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை.

பங்குனிப் பொங்கலுக்கு நீ போன் செய்தபோது இரண்டு பேரும் கத்திவிட்டு வைத்தோம் அல்லவா? அதிலிருந்து உன் மதினி ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். "இனிமே ரெண்டு பேரும் எழுதிக்கங்க. எழுதுறப்ப கத்த முடியாதுல்ல" என்கிறாள். எனக்கும் இப்போது எழுத்தில்தான் ஒன்று வேண்டும்.

நான் செயலாளராக இருக்கிற நம் வாழை விவசாயிகள் கம்பெனிக் குளிர் அறையின் கண்ட்ரோல் பெட்டியை வாங்கும்போது வரைபடத்தைப் பார்த்துச் சரி சொன்னவள் நீ. அந்த அறையில் பதிமூன்றரை டிகிரியில் வைத்து அனுப்பிய காய் கொச்சியில் கப்பல் ஏறி துபாயில் இறங்கியதும் தோல் சாம்பல் பூத்துவிட்டது. பழுக்கவும் இல்லை. கண்டெய்னரில் குளிர் சரியாக இருந்ததாம், ஏற்றுவதற்கு முன்பே காய் பதிமூன்றுக்குக் கீழே கிடந்து குளிரில் கெட்டிருக்கிறது என்று துபாய்க்காரர்கள் எழுதிவிட்டார்கள். ஆனால் பெட்டியில் எல்லா நாளும் பதிமூன்றரைதான் காட்டியிருக்கிறது.

அறையைப் பார்த்துக்கொள்வது பவுனு. பெட்டிச் சாவி அவளிடம்தான் இருக்கும். சீக்கிரம் குளிரட்டும் என்று அவள் டிகிரியைக் குறைத்துவிட்டுப் பிறகு பழையபடி மாற்றியிருப்பாள் என்று போர்டில் பேசிக்கொள்கிறார்கள். மெஷின் சரியாகத்தான் இருக்கிறது என்று இன்ஜினியர் என்ற முறையில் நீ கையெழுத்திட்டு ஒரு தாள் அனுப்பினால் விஷயம் முடிந்துவிடும். காலதாமதம் வேண்டாம்.

உன் நலம் விரும்பும்
மலைச்சாமி

அங்கலேஷ்வர், குஜராத்
14 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உன் கையெழுத்து அப்படி. பையனுக்கு இருமல் நின்றுவிட்டது, வாய்தான் நிற்கவில்லை. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தால் போதாது, டாக்டரிடம் காட்டு.

மெஷின் சரி என்று தாள் கொடுப்பது கோயிலில் திருநீறு கொடுப்பது போல இல்லை அண்ணா. எந்த மெஷினும் சரியான எண்ணைக் காட்டாது. எவ்வளவு தப்பிக் காட்டலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு, அதைப் போட்டுத்தான் நான் கையெழுத்திட முடியும். அறைக்குள் ஒரு சென்சார் இருக்கிறது. அதன் சேதியைக் கரண்டாக மாற்றப் பெட்டிக்குள் ஒரு டிரான்ஸ்மிட்டர். அந்தக் கரண்டை எண்ணாக மாற்ற அனலாக் இன்புட் மாட்யூல். மூன்றுமே கொஞ்சம் கொஞ்சம் தப்பும். இதில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. மாட்யூலின் தப்பு நூற்றுக்கு 0.2 என்று போட்டிருந்தால், அது பதிமூன்றரையில் நூற்றுக்கு 0.2 இல்லை. டிரான்ஸ்மிட்டருக்கு வைத்த முழு வீச்சில், அதாவது அது அளக்கிற கடைசிக் குளிரிலிருந்து கடைசிச் சூடு வரைக்கும் உள்ள மொத்த டிகிரியில், நூற்றுக்கு 0.2. வீச்சு பெரிதாக இருந்தால் தப்பும் பெரிதாகும். வயல் அளக்கிற டேப்பை வைத்து மூக்குத்தியை அளந்தால் எப்படியோ அப்படி.

ஆகவே எனக்கு இரண்டு விவரம் வேண்டும். டிரான்ஸ்மிட்டர் மேல் ஒட்டியிருக்கும் வீச்சு என்ன? பெட்டிக்குள் எவ்வளவு சூடு? ஏனென்றால் இந்தச் சாமான்கள் இருபத்தைந்து டிகிரி சூட்டில்தான் சொன்னபடி நடக்கும்.

பவுனு செய்தாளா இல்லையா என்பதில் நான் தலையிட மாட்டேன். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள் என்பதற்காகக் கணக்கு மாறாது. அளவு என்ன சொல்கிறதோ அதைத்தான் நானும் சொல்வேன். மதினியைக் கேட்டதாகச் சொல்.

தங்கை
மாரீஸ்வரி

காமயகவுண்டன்பட்டி
25 மே 2025

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சௌக்கியம். வீரபாண்டித் திருவிழாவுக்குப் போய்வந்தோம், உன் பேரிலும் ஒரு அர்ச்சனை செய்தேன். முழங்காலுக்கு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார்.

நீ கேட்ட விவரம். டிரான்ஸ்மிட்டர் மேல் மைனஸ் ஐம்பதிலிருந்து நூற்றைம்பது என்று போட்டிருக்கிறது. சப்ளையர் எல்லா ஊருக்கும் அப்படியேதான் கொடுக்கிறாராம். பெட்டிக்குள் சூடு இருபத்தேழு. வழக்கம்போல வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பெட்டிக்குச் சூடம் காட்டிவிட்டு எடுத்தேன். அப்போதே கைத் தெர்மாமீட்டரை அறைக்குள் கொண்டுபோய்ச் சரிபார்த்தேன். அதிலும் பதிமூன்றரை, பெட்டியிலும் பதிமூன்றரை. தை மாதத்திலிருந்து ஒரு வெள்ளி தவறாமல் இப்படித்தான் பார்த்து வருகிறோம். பெட்டி இருக்கிற இடமும் நல்ல இடம்தான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பவுனுவை இப்போதைக்குத் தரம் பிரிக்கிற கொட்டகையில் உட்கார வைத்திருக்கிறோம். கேட்டால், "நான் தொடலண்ணே" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். வாதாடவாவது செய்தால் பதில் சொல்லலாம். போர்டில் அவசரப்படுத்துகிறார்கள். தாளை விரைவுத் தபாலில் அனுப்பு.

மலைச்சாமி

அங்கலேஷ்வர்
2 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அர்ச்சனைக்கு நன்றி. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி சுகம்.

மைனஸ் ஐம்பதிலிருந்து நூற்றைம்பது என்றால் வீச்சு இருநூறு டிகிரி. பன்னிரண்டிலிருந்து பதினெட்டுக்குள் இருக்கிற அறைக்கு இருநூறு டிகிரி! மாட்யூலுக்கு 0.4 டிகிரி, டிரான்ஸ்மிட்டருக்கு 0.3, சென்சாருக்கு 0.2. மூன்றும் ஒரே பக்கம் தப்பினால் 0.9. ஆனால் மூன்றும் ஒரே பக்கம் சாய்வது அபூர்வம். ஒன்று கூட்டிச் சொன்னால் ஒன்று குறைத்துச் சொல்லும். அதனால் ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுப்போம். அப்படி எடுத்தால் அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. அந்தக் கணக்குப்படி உன் அறை ரொம்பவும் குறைந்தால் பதிமூன்றை ஒட்டி நிற்கும். காய்க்கு இவ்வளவு சேதம் வரக்கூடாது. அதாவது உன் இருபத்தேழு உண்மையானால் மெஷின் மேல் பழியில்லை.

ஆனால் அது காலை ஆறு மணி இருபத்தேழு. மதியம் இரண்டு மணிக்கு என்ன? ஒரு வாரம் மதியத்தில் எடுத்து எழுது.

இன்னொன்று. பெட்டி இருக்கிற இடம் நல்ல இடம்தான் என்று எழுதியிருக்கிறாய். நான் இடத்தைப் பற்றிக் கேட்கவே இல்லையே அண்ணா. வரைபடத்தில் அது பேக்கிங் ஹாலுக்குள் இருந்தது. இப்போதும் அங்கேதானே இருக்கிறது?

தங்கை
மாரீஸ்வரி

காமயகவுண்டன்பட்டி
24 ஜூன் 2025

மாரிக்கு,

மதினி உமாதேவி. நீங்கள் எல்லோரும் நல்லபடியாக இருக்க வேண்டும். எனக்குத் தலைச்சுற்றல் குறைந்திருக்கிறது.

உன் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேலாகிறது. உன் அண்ணன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறாரே தவிர பதில் எழுதக் காணோம். நேற்று அவர் மீட்டிங் என்று வைகை அணைக்குப் போனார். நான் சாவியை எடுத்துக்கொண்டு குளிர் அறைக்குப் போய், மதியம் இரண்டு மணிக்குப் பெட்டிக் கதவைத் திறந்து தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பார்த்தேன். நாற்பத்தொன்பது. இத்தனைக்கும் இங்கே காற்றடிக்க ஆரம்பித்துவிட்டது. சித்திரையில் இதைவிட அதிகமாகத்தான் இருந்திருக்கும்.

பெட்டி பேக்கிங் ஹாலில் இல்லை. தை மாதத்தில் ஆர்டர் மந்தமாக இருந்தது. கம்பத்திலிருந்து ஒரு வாஸ்துக்காரர் வந்து, கரண்ட் சாமான் எல்லாம் அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அண்ணன் யாரையும் கேட்காமல் எலக்ட்ரீசியனை வைத்துப் பெட்டியைத் தென்கிழக்கில் இருக்கிற தகரக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார். பக்கத்திலேயே கம்ப்ரசர். அடுத்த வாரமே இரண்டு ஆர்டர் வந்ததும் இவருக்குத் தலைகால் புரியவில்லை.

பவுனுவை இந்த மாத ஆரம்பத்திலேயே நிறுத்திவிட்டார்கள். கம்பமெட்டு வழியாக மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு ஜீப்பில் போய்வருகிறாள். வேறு பேக்கிங் கொட்டகைகளில் கேட்டிருக்கிறாள். "துபாய்க் காயச் சாகடிச்சவ தான நீயி" என்று ஒருத்தர் முகத்துக்கு நேராகவே கேட்டாராம். அவளுக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். இனி இந்தப் பள்ளத்தாக்கில் அவளை யார் சேர்ப்பார்கள்?

எனக்கு உன் அண்ணன் மேல் ரொம்பக் கோபம். ஆனால் போர்டுக்கு முன்னால் போய் நான் சொல்ல மாட்டேன். அவர் வாயால் சொல்ல வேண்டும். நீ சொன்னால் கேட்பார்.

உமாதேவி

அங்கலேஷ்வர்
1 ஜூலை 2025

அண்ணனுக்கு,

நலம்தான். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை.

மதினி எழுதினார். திட்டாதே, அவர் எழுதாவிட்டால் உன் இருபத்தேழை நம்பி நானே ஒரு பொய்த் தாளில் கையெழுத்திட்டிருப்பேன்.

கணக்கைக் கேள். பெட்டிக்குள் ஐம்பது டிகிரி என்றால் மாட்யூலுக்கு இன்னும் அரை டிகிரி, டிரான்ஸ்மிட்டருக்கு இன்னும் அரை டிகிரி தப்பு சேரும். போன தடவை, ஒன்று கூட்டினால் ஒன்று குறைக்கும் என்று எழுதினேன். சூட்டில் அப்படிச் சொல்ல முடியாது. ஒரே பெட்டிக்குள் ஒரே சூட்டில் கிடக்கிற சாமான்கள் சேர்ந்து ஒரே பக்கம் சாயும், உங்கள் போர்டு மாதிரி. அதனால் வர்க்கமூலம் எடுக்காமல் நேராகவே கூட்ட வேண்டும். மொத்தம் 1.9 டிகிரி. பெட்டி பதிமூன்றரை காட்டும்போது அறை பதினொன்றரையை ஒட்டி இருந்திருக்கலாம். மதியம் பெட்டி சூடேறி அறையின் டிகிரியைக் கூட்டிக் காட்டும், அதை நம்பி மெஷின் அறையை இன்னும் குளிர வைக்கும். விடியலில் பெட்டி ஆறும், நீ சூடம் காட்டப் போகும்போது எல்லாம் சரியாக இருக்கும்.

குளிர் வாயு வால்வைத் திறக்கச் சொல்வது அனலாக் அவுட்புட் மாட்யூல். அது கொஞ்சம் தப்பினாலும் கவலையில்லை, அறை எவ்வளவு குளிர்ந்தது என்று இன்புட் பார்த்துத் திருத்திவிடும். இன்புட்டே தப்பாகச் சொன்னால் அதைத் திருத்த ஆளில்லை. எல்லாம் அதை நம்பி நடக்கும்.

கணக்கு நான்கு பக்கம் வந்திருக்கிறது. கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஆனால் பெட்டியை யார் அங்கே வைத்தது என்று என் கணக்கில் வராது. அதை நீ போர்டில் சொல்லு. சொல்லிவிட்டேன் என்று எழுது, மறுநாளே தாளை அனுப்புகிறேன். அதுவரை என் மேஜை டிராயரில் இருக்கும்.

மாரீஸ்வரி

அங்கலேஷ்வர்
4 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆடிப் பதினெட்டும் போய்விட்டது. உடம்புக்கு ஏதாவதா என்று மதினிக்குப் போன் செய்தேன், நன்றாகச் சாப்பிடுகிறார் என்றார்.

தாள் டிராயரிலேயே இருக்கிறது. நானும் பிடிவாதக்காரிதான், நம் அப்பாவின் பிள்ளைதானே. நீ சொல்லாமல் அனுப்ப மாட்டேன்.

மாரீஸ்வரி

காமயகவுண்டன்பட்டி
20 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கைக்கு,

உடம்பு தேவலை. மழை பரவாயில்லை, பெரியாற்றில் தண்ணீர் வருகிறது. உன் பையன் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினானாமே, உன் மதினி சொன்னாள். அவனுக்கு என் ஆசீர்வாதம்.

திங்கட்கிழமை போர்டு கூடியது. எழுந்து நின்றேன். "பெட்டிய அக்னி மூலைக்கு மாத்துனது நான்தான். யாரையும் கேக்கல. பவுனு மேல எழுதுனத அடிச்சிருங்க" என்று சொன்னேன்.  போர்டில் இருக்கிற கோம்பை ஊர்க்காரர் ஒருவர், அப்படியானால் வாஸ்துக்காரர் ஆர்டரைக் கொடுத்துவிட்டுக் காயை எடுத்துக்கொண்டார் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செயலாளர் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு நாள் என்று கேட்பாய். வெட்கம்தான் மாரி. வாஸ்து பார்த்து மெஷினைக் கெடுத்தவன் என்று சொல்வார்களே என்ற வெட்கம். ஒரு பொம்பளை ஜீப்பில் தொங்கிக்கொண்டு மலையேறுகிறாள் என்று தெரிந்தும் அந்த வெட்கம்தான் பெரிதாக இருந்தது. எழுதவே கை கூசுகிறது.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். ஏலத் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். காபி கொடுத்தாள். நடந்ததைச் சொல்லி, வேலைக்குத் திரும்ப வரச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "திங்கக்கெழம வாரேண்ணே" என்றாள்.  திட்டியிருந்தால் தேவலை.

தாளை அனுப்பு. துபாய்க்காரர்களுக்கும் காட்ட வேண்டும்.

மலைச்சாமி

அங்கலேஷ்வர்
28 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமெல்லாம் போய்விட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தீபாவளிக்கு வரும்போது நல்ல டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன்.

தாள் இத்துடன் இருக்கிறது. பெட்டியைப் பேக்கிங் ஹாலுக்கே கொண்டுபோங்கள். டிரான்ஸ்மிட்டர் வீச்சைப் பூஜ்யம் முதல் ஐம்பது வரை என்று மாற்றச் சொல்லு. இருநூறு ஐம்பதானால் மாட்யூலின் தப்பும் டிரான்ஸ்மிட்டரின் தப்பும் கால்வாசியாகிவிடும். மாட்யூலிலும் அதே வீச்சைப் பதிய வேண்டும், ஒன்றில் மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடப் போகிறார்கள். சூடம் வெள்ளிக்கிழமை காலையில் காட்டிக்கொள், சரிபார்ப்பதை மதியம் இரண்டு மணிக்கு வைத்துக்கொள்.

இருபத்தேழு என்ற ஒரு எண்ணை நான் நம்பாமல் விட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பார். எங்கள் ஆபீஸில் இந்தக் கணக்கைப் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க எடுத்து வைத்திருக்கிறார்கள். பவுனுவிடம் நான் கேட்டதாகச் சொல்லு. பழி நீங்கியதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

உன் தங்கை
மாரீஸ்வரி

காமயகவுண்டன்பட்டி
15 செப்டம்பர் 2025

மாரிக்கு,

பவுனு எழுதுகிறேன். உன் வீட்டுக்காரரும் பையனும் நல்லா இருக்கட்டும். எனக்கு மலைக் குளிரில் பிடித்த சளி இன்னும் விடவில்லை, கஷாயம் குடிக்கிறேன்.

வேலைக்கு வந்துவிட்டேன். பெட்டி பேக்கிங் ஹாலுக்கு வந்துவிட்டது. வீச்சையும் நீ சொன்னபடி மாற்றிவிட்டார்கள். மதியம் சரிபார்க்கிறேன், ரொம்பவும் வித்தியாசம் இல்லை. மாற்றிய பிறகு முதலில் போன காய் துபாயில் நல்லபடியாக இறங்கியதாம். ஊரில் இப்போது யாரும் ஒன்றும் சொல்வதில்லை. உன் தாளைச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டியிருக்கிறார்கள்.

உன் அண்ணன் மேல் எனக்கு வருத்தம் இருந்தது. வீட்டுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தபோது போய்விட்டது. அவர் வெட்கப்பட்டது எனக்குப் புரிந்தது.

உன் மதினி நீ எழுதின கடிதங்களை எனக்குப் படிக்கக் கொடுத்தார். நல்லது நினைத்துத்தான் கொடுத்தார். நீ எவ்வளவு பாடுபட்டிருக்கிறாய் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டுமாம். எல்லாவற்றையும் படித்தேன். பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்று கேட்டிருக்கிறாய். வீச்சு என்ன, எந்த இடம், எத்தனை மணி என்று கேட்டிருக்கிறாய். தாள் ஜூலையிலேயே கையெழுத்தாகி உன் டிராயரில் இருந்திருக்கிறது. அண்ணன் ஒத்துக்கொள்ளட்டும் என்று வைத்திருந்தாய். அது உங்கள் அண்ணன் தங்கைக்குள் இருந்த வழக்கு. அவ்வளவு நாளும் ஜீப்பில் போனது நான்.

உன் நம்பர் என்னிடம் இருக்கிறது. நானாகப் பேசினால் சிபாரிசுக்கு வந்ததாக ஆகிவிடும் என்று பேசவில்லை. என் நம்பரும் உன்னிடம் இருந்தது. ஒவ்வொரு நாளும் தோட்டத்தில் டவர் கிடைக்கிற மேட்டுக்குப் போய்ப் பார்ப்பேன்.

கணக்கு போட்டு என்னைக் காப்பாற்றினாய், அதற்கு நன்றி. பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் மாரி, கணக்கு வேறு மாதிரி வந்திருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? உன் அண்ணனுக்குத் தாளை அனுப்பிவிட்டு, நான்தான் செய்தேன் என்று நம்பிக்கொண்டு இருந்திருப்பாய். பவுனு, நீ செஞ்சியா என்று ஒரு தடவை என்னிடம் கேட்டிருக்கலாம்.

தீபாவளிக்கு வருகிறாய் என்றார்கள். வீட்டுக்கு வா.

பவுனு